நோயாளி எழுதிய பக்கம்: அந்தமான் வரலாற்றிலிருந்து

1924ஆம் ஆண்டு உல்லாஸ்கர் தத் என்ற வங்காளப் புரட்சியாளரின் சிறை நினைவுகள் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தன. ‘பன்னிரண்டு ஆண்டுச் சிறைவாழ்வு’ என்பது அதன் தலைப்பின் பொருள். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர் அவர். அத்தகைய ஒருவரிடமிருந்து வாசகர் எதிர்பார்ப்பது வீர வரலாறு. அவரோ அதனினும் சொல்லக் கடினமான ஒன்றையும் அந்நூலில் எழுதினார். சிறையில் தம் மனம் பிறழ்ந்ததை எழுதினார். இல்லாத குரல்கள் தம் காதில் கேட்டதையும், மனநோயாளர் இல்லங்களில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்ததையும் தம் பெயரிலேயே எழுதி வெளியிட்டார்.

நீண்டநாள் நோயோடு வாழ்வோர் தம் கதையையும் நிழற்படங்களையும் பொதுவில் பகிர்வது இன்று அன்றாட நிகழ்வாகிவிட்டது. நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய், மூட்டுவாதம், மனச்சோர்வு என்று எதைப் பற்றியும் ஒருவர் தம் கைப்பேசியிலிருந்தே எழுதலாம். டயாலிசிஸ் படுக்கையில் இருந்தபடி எடுத்த படத்தை அந்த நிமிடமே வெளியிடலாம். இவ்வழக்கம் இணையத்தோடு பிறந்தது என்று பலரும் கருதுகின்றனர். ஆனால் அதன் அடியில் கிடக்கும் வினா பழையது. ஒருவருடைய நோயைப் பற்றிச் சொல்லும் உரிமை யாருக்கு உரியது? அந்தமான் நிக்கோபார் தீவுகளைப் போல இவ்வினா கூர்மையாக எழுந்த நிலப்பகுதிகள் இந்தியாவில் மிகச் சில.

அத்தீவுகளின் காலனிய வரலாறே நோயிலிருந்துதான் தொடங்குகிறது. 1789இல் ஆர்ச்சிபால்டு பிளேர் தலைமையில் நிறுவப்பட்ட முதல் குடியேற்றம், பின்னர் வடக்கு அந்தமானுக்கு மாற்றப்பட்டு, நோயும் சாவும் மிகுந்ததால் 1796இல் கைவிடப்பட்டது. 1857 எழுச்சிக்குப் பிறகு, 1858 மார்ச்சில், ஜே. பி. வாக்கர் 200 கைதிகளோடு வந்திறங்கித் தண்டனைக் குடியேற்றத்தைத் தொடங்கினார். காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் அவர்களோடு குடியேறின. தண்டனைக் குடியேற்றம் என்றால் கணக்கு எழுதும் இடம் என்று பொருள். எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் படுத்தனர், எத்தனை பேர் இறந்தனர் என்பதெல்லாம் ஆண்டறிக்கைகளில் எண்களாயின. நோயாளி ஓர் எண். நோய் ஒரு தலைப்பு. மருத்துவ அதிகாரியின் கையொப்பம் அதற்குச் சான்று.

கைதிகளுக்கு முன்பே அங்கு வாழ்ந்த மக்களின் நிலை இதனினும் கொடியது. 1863இல் பாதிரியார் ஹென்றி கார்பின் ராஸ் தீவில் ‘அந்தமான் இல்லம்’ ஒன்றை ஏற்படுத்தினார். காட்டு மக்களை அழைத்து வந்து, உணவளித்து, நாகரிகம் கற்பிப்பது அதன் நோக்கம் எனப்பட்டது. அத்தகைய இல்லங்களின் வழியாகவே வெளியாரின் நோய்கள் தடையின்றிப் பரவின. 1870களில் கிரந்தி நோய் கண்டறியப்பட்டது. 1877இல் தட்டம்மை கொள்ளைநோயாகப் பரவி, கிரேட் அந்தமானியர்களில் பெரும்பகுதியினரைக் கொன்றது. ஆயிரக்கணக்கில் இருந்த அம்மக்கள், 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 பேர்; 1931இல் 90 பேர்; 1961இல் 19 பேர்.

இந்த அழிவின் நடுவில் ஒருவர் நிழற்படக் கருவியோடு நின்றுகொண்டிருந்தார். 1879இல் தீவுக்கு வந்து, அந்தமான் பழங்குடியினருக்குப் பொறுப்பதிகாரியாக இருந்த மாரிஸ் விடால் போர்ட்மன். 1890களில் அவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக அம்மக்களை முறைப்படி படமெடுத்தார். கட்டங்கள் வரைந்த பின்திரைக்கு முன்னால் ஆடையின்றி நிறுத்தப்பட்ட மனிதர்கள், நேராகவும் பக்கவாட்டிலும் பதிவாயினர். உடலின் நீள அகலங்களோடு மருத்துவ விவரங்களும் அட்டவணைகளில் ஏறின. மானிடவியலாளர் எவ்வாறு படமெடுக்க வேண்டும் என்று 1896இல் அவர் ஒரு கட்டுரையும் எழுதினார். தொழில்நுட்ப அளவில் அப்படங்கள் மிக நேர்த்தியானவை. இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன.

ஆனால் அப்படங்களில் நிற்பவர்கள் தம் உடலைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு அத்தொகுதிகளில் இடமில்லை. தம் உறவினர் ஒவ்வொருவராகச் சாவதைக் கண்டவர்கள் அவர்கள். அந்நோய்க்கு அவர்கள் மொழியில் என்ன பெயரிட்டனர், யாரைப் பழித்தனர், எவ்வாறு தேற்றிக்கொண்டனர் என்பதை அறிய இன்று வழியில்லை. கட்டமிட்ட திரை அவர்களுடைய தோளின் அகலத்தைத் துல்லியமாகச் சொல்லும். அவர்களுடைய துயரத்தை அளக்க அதில் கோடு இல்லை.

1880இல் போர்ட்மன் வடக்கு சென்டினல் தீவுக்குச் சென்ற பயணம் இதற்குத் தக்க சான்று. அங்கு பிடிபட்ட முதிய ஆணும் பெண்ணும் நான்கு குழந்தைகளும் போர்ட் பிளேருக்குக் கொண்டுவரப்பட்டனர். வந்த சிறிது நாளிலேயே அனைவரும் நோயுற்றனர். முதியவர் இருவரும் இறந்தனர். குழந்தைகள் நால்வரும் பரிசுப் பொருள்களோடு தம் தீவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1899இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் போர்ட்மன் இதைச் சில வரிகளில் முடித்துவிடுகிறார். அந்நால்வர் தம் மக்களிடம் சென்று என்ன சொன்னார்கள்? அந்தக் கதை எங்கும் எழுதப்படவில்லை. அதற்குப் பின் நூறாண்டுகளுக்கும் மேலாக அத்தீவினர் அந்நியர் வருகையை எதிர்த்து வருவதை அக்கதையின் எதிரொலி என்று சிலர் கருதுகின்றனர். அது ஊகமே ஆயினும், புறந்தள்ளக்கூடிய ஊகம் அன்று.

நோயாளியைப் பற்றி மற்றவர் எழுதும் இம்முறை, 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையில் வேறொரு வடிவம் கொண்டது. ஏழு கரங்களாக விரிந்த அக்கட்டடத்தில் ஏறத்தாழ 700 தனிக்கொட்டடிகள் இருந்தன. செக்கில் மாடுபோல் சுற்றி நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காயெண்ணெய் ஆட்டுவது அங்கு பெயர்பெற்ற கொடுந்தண்டனை. அதிலிருந்து ஒருநாள் விடுபட வேண்டுமாயினும் மருத்துவரின் சான்று தேவை. ஆகவே நோய் என்பது அங்கு உடலின் நிலையாக மட்டும் இருக்கவில்லை. அதிகாரத்தோடு நடக்கும் வழக்காகவும் இருந்தது. கைதி தனக்கு நோய் என்பான், சிறையதிகாரி அதை நடிப்பு என்பார், தீர்ப்பு மருத்துவரிடம். கண்ணுக்குத் தெரியும் புண்ணுக்கும் தொட்டால் சுடும் காய்ச்சலுக்கும் ஓரளவு இரக்கம் கிடைக்கும். தலைவலி, சோர்வு, உறக்கமின்மை, மனக்கலக்கம் போன்றவற்றுக்குச் சான்றே இல்லை. நீண்டநாள் நோயாளிகள் இன்றும் வீட்டிலும் அலுவலகத்திலும் எதிர்கொள்ளும் ‘பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய்’ என்ற ஐயத்தின் மிகக் கொடிய வடிவம் அது.

சொல்வதற்கு வழியும் அடைபட்டிருந்தது. அரசியல் கைதிகள் ஆண்டுக்கு ஒரு கடிதம் எழுதலாம். அதையும் அதிகாரிகள் படித்த பிறகே அனுப்புவர். 1911 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘மகாராஜா’ கப்பலில் ஏற்றப்பட்ட சாவர்க்கர், அங்கிருந்து தம் தம்பிக்கு எழுதிய ஆண்டுக் கடிதங்களில் தம் உடல்நிலையையும் குறிப்பிட்டார். தணிக்கையைத் தாண்ட வேண்டிய கடிதத்தில், வீட்டாரையும் அச்சுறுத்தாமல், உண்மையையும் மறைக்காமல் நோயைச் சொல்வது எளிதன்று. நலமாக இருக்கிறேன் என்ற சொற்றொடருக்குப் பின்னால் எவ்வளவு ஒளிந்திருக்கும் என்பதைத் தொலைவில் வாழும் நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் அறிவர்.

அலகாபாத்தின் ‘ஸ்வராஜ்யா’ இதழைச் சேர்ந்த ஹோதிலால் வர்மா இந்தத் தடையை உடைத்தார். சிறைக் கொடுமைகளை விவரித்து அவர் மறைவாக வெளியே அனுப்பிய கடிதம் சுரேந்திரநாத் பானர்ஜியின் ‘பெங்காலி’ நாளிதழில் 1912இல் வெளியாயிற்று. அதே ஆண்டு ஏப்ரலில் இந்துபூஷண் ராய் என்ற இளைஞர் தம் கொட்டடியில் தூக்கிட்டு இறந்தார். சில வாரங்களில் உல்லாஸ்கர் தத்தின் மனம் பிறழ்ந்தது.

உல்லாஸ்கர் சொல்லும் நிகழ்வு இது. செங்கல் சூளை வேலையில் வெயிலில் வாட்டப்பட்ட அவர், ஒரு கட்டத்தில் இனி வேலை செய்வதில்லை என்று மறுத்தார். கைகளை உயரக் கட்டி நிற்க வைக்கும் விலங்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்நிலையிலேயே கடுங்காய்ச்சல் கண்டது. விலங்கை அவிழ்த்தபோது அவர் தம் நினைவில் இல்லை. மருத்துவமனையில் தம் உடலில் மின்சாரம் பாய்ச்சப்பட்டது என்றும், நரம்புகள் கிழிபடுவது போன்ற வேதனையை அனுபவித்தார் என்றும் அவர் எழுதுகிறார். அதன்பின் தீவின் மனநோயாளர் இல்லத்தில் வைக்கப்பட்டார்.

அவர் தந்தை துவிஜதாஸ் தத் மகனின் நிலையறிய மீண்டும் மீண்டும் அதிகாரிகளுக்கு எழுதினார். நெடுநாள் கழித்துக் கிடைத்த விளக்கம் ஒரு வரிக்குள் அடங்குவது: மனப்பிறழ்வுக்குக் காரணம் மலேரியா. ஒரே நோய்க்கு இவ்வாறு இரண்டு பதிவுகள் உருவாயின. அதிகாரப் பதிவின்படி கொசுவே குற்றவாளி. நோயாளியின் பதிவில் சூளையும் விலங்கும் மின்சாரமும் தனிமையும் வருகின்றன. காய்ச்சல் இரண்டிலும் உண்டு. ஆனால் காய்ச்சலோடு கதையை முடித்துக்கொள்வதா, அக்காய்ச்சல் யாருடைய கட்டளையின்கீழ் யாருடைய உடலில் கண்டது என்று கேட்பதா என்பதில் இரண்டும் பிரிகின்றன.

உல்லாஸ்கர் பின்னர் சென்னை மனநோய் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்று அழைக்கப்பட்ட இடத்தில் 1871இல் 145 நோயாளிகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. 1920இல் விடுதலை பெறும்வரை அவருடைய சிறைவாழ்வின் பிற்பகுதி அங்கேயே கழிந்தது. தமிழ்நாட்டில் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரே ஒருவரை எள்ளி நகையாடப் போதுமான சொல்லாக நெடுங்காலம் வழங்கிற்று. அந்த மதிலுக்குள் இந்திய விடுதலைக்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவர் தம் மனத்தோடு போராடிக்கொண்டிருந்தார் என்பதை அவ்வாறு நகையாடியோர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

விடுதலைக்குப் பிறகு மௌனம் காப்பதே அவருக்கு எளிய வழி. தோழர்கள் அவரை வீரராகக் கொண்டாடத் தயாராக இருந்தனர். மனநோயை யாரும் வற்புறுத்திக் கேட்டிருக்கமாட்டார்கள். மேலும், பிறழ்ந்த மனத்தவர் என்ற முத்திரை ஏற்கெனவே குத்தப்பட்ட ஒருவர் கொடுமைகளைச் சொன்னால், ‘இதுவும் பிரமைதான்’ என்று தள்ளிவிடுவது அரசுக்கு எளிது. இது தெரிந்தும் அவர் எழுதினார். கேட்ட குரல்களையும் கண்ட தோற்றங்களையும் நூலிலிருந்து வெட்டி எறிந்து, நம்பத்தக்க சாட்சியாகத் தம்மைச் செப்பனிட்டுக்கொள்ளவில்லை. உபேந்திரநாத் பந்தோபாத்யாய 1921இல் வங்காளியில் வெளியிட்ட சிறை நினைவுகளும், பாரீந்திரகுமார் கோஷின் நூலாக 1922இல் புதுச்சேரியிலிருந்து ஆங்கிலத்தில் வந்த சிறைக் கதையும் அதே சிறையைக் காட்டுகின்றன. மூன்றையும் அருகருகே வைத்துப் படிப்பவர்க்கு உல்லாஸ்கரின் நூலில் உள்ள தனித்தன்மை புலப்படும். மற்ற இருவரும் சிறையை எழுதினர். அவர் சிறை தம் மனத்துக்குள் புகுந்ததை எழுதினார்.

இத்தகைய குரல்கள் எதைச் சாதித்தன என்பதை மிகைப்படுத்திச் சொல்லலாகாது. நாளிதழ்ச் செய்திகளும் சட்டமன்றக் கேள்விகளும் எழுந்த பின், 1913இல் உள்துறைப் பொறுப்பிலிருந்த ரெஜினால்டு கிராடக் நேரில் வந்து அரசியல் கைதிகளைச் சந்தித்தார். சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த அலெக்சாண்டர் கார்டியூ தலைமையிலான சிறைக்குழு 1919–20இல் ஆராய்ந்து, அந்தமானுக்குக் கைதிகளை அனுப்பும் முறையைக் கைவிடப் பரிந்துரைத்தது. எனினும் 1932இல் அரசியல் கைதிகள் மீண்டும் அங்கு அனுப்பப்பட்டனர். 1933 உண்ணாநிலைப் போரில் வலுவில் உணவு செலுத்தப்பட்ட மூவர் உயிரிழந்தனர். சாட்சியம் கொடுமையை உடனே நிறுத்திவிடுவதில்லை. ஆனால் பதிவேட்டின் ஒருவரி விளக்கத்தோடு வரலாறு முடிந்துபோகாமல் அது காக்கிறது.

வங்காளத்து உல்லாஸ்கரை எண்ணும்போது தமிழகத்துச் சுப்பிரமணிய சிவாவை எண்ணாதிருக்க இயலாது. 1908இல் வ.உ.சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்த அதே தீர்ப்பில் சிவாவுக்கும் 10 ஆண்டுத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்ததால் அவர் கடல் கடக்கவில்லை. திருச்சி, சேலம் சிறைகளில் வாடினார். 1912 நவம்பரில் வெளிவந்தபோது தொழுநோயையும் உடன் கொண்டுவந்தார். தொழுநோயாளரைத் தனிமைப்படுத்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்கு அதிகாரம் அளித்திருந்த காலம் அது. ரயில் பயணம் அவருக்கு மறுக்கப்பட்டது. கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகச் சென்று பேசினார். 1913இல் ‘ஞானபாநு’ இதழைத் தொடங்கினார். பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் கண்டு, 1925 ஜூலை 23 அன்று அங்கேயே மறைந்தார். தொழுநோயாளர் ஊருக்குப் புறத்தே ஒதுங்கியிருக்க வேண்டும் என்று கருதிய சமூகத்தின் நடுவில், மேடை ஏறி நின்றதே அவர் செய்த அறிவிப்பு. உல்லாஸ்கர் எழுத்தால் செய்ததைச் சிவா தம் உடலின் இருப்பால் செய்தார்.

நோயை மறைக்க மறுத்த இம்மரபு அதே சென்னையில் மீண்டும் தலைதூக்க அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1986இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் கண்டறியப்பட்டன. குருதி தந்த பெண்களைப் பற்றிச் சட்டமன்றம் பேசிற்று, நாளிதழ்கள் பேசின, அறிவியல் பேசிற்று. அப்பெண்கள் பேச இடம் எதுவும் இருக்கவில்லை. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் அந்நிலை மாறியது. நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி தமக்குத் தொற்று உள்ளதை முகம் மறைக்காமல் அறிவித்தார். 1998இல் அவரும் சில பெண்களும் சேர்ந்து சென்னையில் தொற்றுள்ள பெண்களுக்கான கூட்டமைப்பை நிறுவினர். அதுவரை சுவரொட்டிகளில் மண்டையோடாக வரையப்பட்ட நோய்க்கு முதன்முறையாக ஒரு பெண்ணின் முகம் கிடைத்தது. அதுவும் அப்பெண்ணே முன்வந்து தந்த முகம். ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவருடைய முழு அறிவுடனான ஒப்புதலின்றி வெளியிடலாகாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் பின்னர் விதித்தது. தாமே சொல்லும் உரிமையும், பிறர் சொல்லாதிருக்கும் கடமையும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்பதை அச்சட்டம் ஏற்றுக்கொண்டது.

தம் இதய நோயையும் புற்றுநோயையும் கடந்துவந்த சமூகவியலாளர் ஆர்தர் ஃபிராங்க், 1995இல் வெளியிட்ட நூலில் இதே கருத்தை வேறு வழியில் அடைந்தார். நவீன மருத்துவம் நோயாளியின் கதையை மருத்துவக் குறிப்பேட்டிடம் ஒப்படைத்துவிடுகிறது. தன் குரலில் மீண்டும் பேசத் தொடங்கும்போதே நோயாளி அதைத் திரும்பப் பெறுகிறார் என்பது அவர் வாதத்தின் சாரம். காயமுற்றவரே கதைசொல்லி என்கிறார் அவர். அந்தமானின் வரலாற்றை அறிந்தவர்க்கு இது கோட்பாடாகத் தோன்றாது. நிகழ்ந்த ஒன்றின் விளக்கமாகவே தோன்றும்.

இனி, அதே தீவுகளின் இன்றைய நிலை. போர்ட் பிளேரில் 1983இல் நிறுவப்பட்ட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல மையம், தீவுகளின் நோய்களைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. நிக்கோபாரியர் உள்ளிட்ட பழங்குடியினரிடையே ஹெபடைட்டிஸ் பி தொற்று மிகுதியாக இருப்பதை அம்மையம் வெளிப்படுத்தியது. நான்கௌரி தீவுக்கூட்டத்தில் மட்டும் காணப்படும் ஒருவகை யானைக்கால் நோயும் அதன் ஆய்வுப் பொருளாயிற்று. பெருநிலத்து யானைக்கால் நோயைப் போல இரவில் கடிக்கும் கொசுவால் அன்றிப் பகலில் கடிக்கும் கொசுவால் அது பரவுகிறது. இவ்வாய்வுகளின் பயன் பெரிது. தடுப்பூசியும் மருந்து கலந்த உப்பும் அவற்றின் வழியே மக்களைச் சென்றடைந்தன. ஆயினும், வீங்கிய காலோடு தோட்டத்துக்கும் தேவாலயத்துக்கும் திருவிழாவுக்கும் சென்று வாழும் ஒரு நான்கௌரி முதியவரின் சொல் அந்த அறிவியல் கட்டுரைகளில் வராது. அது அக்கட்டுரைகளின் குறையன்று. அவற்றின் பணி வேறு. ஆனால் அவை மட்டுமே பதிவாக எஞ்சினால், போர்ட்மனின் அட்டவணைக்குப் பின் நாம் வெகுதூரம் வந்துவிட்டோம் என்று சொல்ல முடியாது.

2020 ஆகஸ்டு மாதம் இரண்டு செய்திகள் அத்தீவுகளிலிருந்து வந்தன. ஆகஸ்டு 10 அன்று சென்னையையும் போர்ட் பிளேரையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடியிழைக் கம்பி தொடங்கிவைக்கப்பட்டது. அதுவரை செயற்கைக்கோளின் குறுகிய அலைவரிசையை நம்பியிருந்த தீவினருக்கு, ஒரு படத்தை அனுப்புவதே பொறுமையைச் சோதிக்கும் வேலையாக இருந்தது. கார் நிக்கோபார், கமோர்ட்டா, லிட்டில் அந்தமான், கிரேட் நிக்கோபார் வரை அக்கம்பி நீண்டது. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகையில் சுமார் 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். கடும் நோய்க்கு மேல் சிகிச்சை என்றால் அவர்களில் பலருக்கும் சென்னைதான் வழி. சென்னை மருத்துவமனையில் படுத்திருப்பவரும் தீவிலிருக்கும் குடும்பமும் முகம் பார்த்துப் பேசுவதும், தம் நோயை எழுதி ஒத்த நோயுடையோரைத் தேடிக்கொள்வதும் இக்கம்பியால் எளிதாயின. உல்லாஸ்கர் நோயாளியாகக் கடந்த அதே கடல்வழி அது. அவர் தந்தை ஒரு வரிச் செய்திக்காக நெடுநாள் காத்திருந்த தொலைவும் அதுவே.

அம்மாதத்தின் இறுதியில் வந்த மற்றொரு செய்தி: கிரேட் அந்தமானியர்களில் 10 பேருக்குக் கொரோனா தொற்று. உலக நாளிதழ்கள் அதை வெளியிட்டன. யாருடைய பெயரும் குறிப்பிடப்படவில்லை. ஆனால் 2011 கணக்கெடுப்பில் 44 பேராகவும், 2020இல் ஐம்பதைச் சற்றே தாண்டியும் இருந்த ஒரு சமூகத்தில் பத்துப் பேர் என்றால், பெயரை மறைப்பதால் எதை மறைக்க முடியும்? தீவில் உள்ள எவரும் அவர்களை அறிவர். லட்சக்கணக்கானோர் வாழும் நகரத்தில் நோயாளியைக் காக்கும் விதி, ஐம்பது பேர் வாழும் சமூகத்தில் காக்காது. கிராமத்துக்கும், சிறு சாதிக்குழுவுக்கும், அரிய நோயுடையோரின் சிறு கூட்டத்துக்கும் இது பொருந்தும்.

படமெடுப்பதைப் பற்றியும் அத்தீவுகள் ஒரு கடுமையான பாடத்தைக் கற்றன. 1990களின் இறுதியில் ஜாரவாக்கள் காட்டைவிட்டு வெளிவந்து பிறருடன் பழகத் தொடங்கினர். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவிப் பலர் போர்ட் பிளேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்கள் காட்டை ஊடறுத்துச் செல்லும் நெடுஞ்சாலை வழியே வந்த சுற்றுலாப் பயணிகள் உணவைக் காட்டி அவர்களை ஆடச்செய்து எடுத்த காணொளி 2012இல் வெளியாகிப் பெரும் கண்டனத்துக்குள்ளானது. 1956ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அவ்வாண்டே திருத்தப்பட்டு, பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் பழங்குடியினரைப் படமெடுப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. போர்ட்மன் அரசின் ஆதரவோடு செய்ததை இன்று ஒருவர் கைப்பேசியால் செய்தால் சிறை செல்ல நேரும். ஒரு நூற்றாண்டில் சட்டம் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறது.

ஆனால் தடை என்பது பாதி நீதியே. பிறர் படமெடுப்பதைத் தடுப்பது ஒன்று. தம்மைத் தாமே காட்டிக்கொள்ளும் வழியும் விருப்பமும் வாய்ப்பது மற்றொன்று. அதைப்போலவே, பெருநிலத்திலும் நோயாளிகளைச் சுற்றி நிகழும் பகிர்வுகள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. தம் கீமோதெரபி நாள்களைத் தாமே எழுதும் பெண், உல்லாஸ்கரின் வரிசையில் நிற்கிறார். நினைவிழந்து கிடக்கும் முதியவரின் படத்தை அவர் மக்கள் வெளியிடும்போது, அன்பு இருந்தாலும் அக்கேமரா போர்ட்மனின் இடத்திலிருந்தே பார்க்கிறது. சிகிச்சைக்குப் பணம் திரட்ட ஒரு குழந்தையின் குழாய் செருகிய முகத்தைப் பரப்புவோர்க்கு வேறு வழியில்லாமலிருக்கலாம். அக்குழந்தை வளர்ந்த பின்னும் அப்படம் இணையத்தில் இருக்கும் என்பதும் உண்மை.

சொல்பவர்க்கும் விலை உண்டு. 1924இல் உல்லாஸ்கர் நூலை வாங்கியவரே அவர் மனநோயை அறிந்தனர். இன்றைய பதிவை வேலை தருபவரும், பெண் பார்க்க வருபவரும், காப்பீட்டு நிறுவனமும் படிக்கலாம். ஆகவே சொல் என்று எவரையும் வற்புறுத்த முடியாது. சொல்லாதிருப்பவரைக் கோழை என்று இகழவும் கூடாது. உல்லாஸ்கர் எழுதியது விடுதலைக்குப் பின், தமக்கு உகந்த காலத்தில், தம் சொற்களில். எவ்வளவு சொல்வது என்பதையும் அவரே தீர்மானித்தார்.

கிரேட் அந்தமானியர்களில் 1877இல் தட்டம்மைக்குத் தப்பிப் பிழைத்த எவருக்கும் அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. அவர்களைப் பற்றி இன்று நாம் அறிவதெல்லாம் அவர்களை ஆண்டவர்கள் எழுதி வைத்தவை. செல்லுலார் சிறையின் நோயைப் பற்றி அறிவதற்கு அதில் நோயுற்றவர்களின் நூல்கள் உள்ளன. ஒரே தீவில், முப்பத்தைந்து ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரு துயரங்களில் ஒன்று எண்ணாகவும் மற்றொன்று மனிதர்களாகவும் நம்மிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம், இரண்டாவதில் நோயாளியின் கையில் எழுதுகோல் இருந்தது என்பதே.